நல்ல மனுஷன்

சாவு வீட்டில் அதிகம் கேட்கும் வாக்கியம் 'எப்படி ஆச்சு?' என்பதுதான் என்று தோன்றும். சவம் எடுக்கும்வரை அது சரி. எடுத்த பிறகு அந்த இடத்தை வேறொரு வாக்கியம் பிடித்துக்கொள்கிறது. 'நல்ல மனுஷன்.'

சவம் வீட்டில் இருக்கும்போது யாருக்கும் உட்கார்ந்து பேச நேரமில்லை. போலீஸ் நிலையத்தில் அனுமதிக் கடிதம் வாங்கியாச்சா, மின்சுடலையில் எத்தனை மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள், ஜொகூரிலிருந்து கிளம்பிய தங்கச்சி எந்த டோலைத் தாண்டியிருக்கிறாள், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர், உறுமி மேளக்காரர்களுக்கு யாராவது தண்ணி கொடுத்தார்களா. எல்லார் கையிலும் ஏதோ ஒரு வேலை இருக்கும். மின்சுடலையிலிருந்து திரும்பி, வாசல் குழாயில் கால் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டு உட்காரும்போதுதான் கை காலியாகிறது. அதற்குள் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டிருப்பார்கள். கண்ணாடிப் பெட்டி இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் யாரும் உட்கார மாட்டார்கள். வெளியே கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையை விட்டு வட்டமாகும். பக்கத்து வீட்டிலிருந்து சோறும் சாம்பாரும் வரும். யாராவது ஒருவர், பெரும்பாலும் இறந்தவரோடு வேலை செய்தவர், பெருமூச்சு விட்டுவிட்டு ஆரம்பிப்பார். 'என்னா இருந்தாலும் நல்ல மனுஷன்பா.'

அந்த 'என்னா இருந்தாலும்' என்பதை யாரும் கவனிப்பதில்லை.

சாவு வீட்டில் சிரிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், விடிய விடியச் சீட்டாடுகிறார்கள் என்று முகம் சுளிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் இளவட்டங்களுக்கு அங்கே ஒரே வேலைதான், தட்டு தூக்குவது. கோப்பி, மைலோ, மினரல் தண்ணி. தட்டு தூக்குகிறவர் முன்னால் கூடாரத்துக்கும் போவார், பின்னால் சமையல்கட்டுக்கும் போவார், இரண்டு பக்கத்துப் பேச்சும் காதில் விழும். இத்தனை வருஷம் தட்டு தூக்கியதில் நான் பார்த்தது இதுதான். வட்டத்தின் நடுவில் இறந்தவரின் மகன் உட்கார்ந்திருப்பார். இரண்டு பெரியவர்கள் மலேசியக் கிண்ணத்தில் சிலாங்கூரும் சிங்கப்பூரும் மோதிய காலத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவர் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். யாரும் அவரிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆளில்லாத வீட்டில் அப்படி உட்கார்ந்திருந்தால், பயந்துபோய் யாராவது பேச்சுக் கொடுக்க வந்திருப்பார்கள்.

'நல்ல மனுஷன்' என்பதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு சத்தம்தான். அதில் தகவல் எதுவும் இல்லை. 'நான் வந்திருக்கிறேன், உங்கள் இழப்பைப் பார்த்துவிட்டேன்' என்பதற்கு நம்மிடம் வேறு வாக்கியம் இல்லாததால் அதைச் சொல்கிறோம். கல்யாண வீட்டில் 'பொண்ணு அழகா இருக்கு' என்று சொல்வதை யாரும் உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்ப்பதில்லை, இதுவும் அந்த வகை. முகநூலில் மூன்று எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறவர்களைவிட, கிள்ளானுக்கு வந்து நெரிசலில் காரை நிறுத்த இடம் தேடி, உட்கார்ந்து, இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் போகிறவர் எவ்வளவோ மேல்.

ஆனால் சில வீடுகளில் அந்த வரி யார் மேலாவது போய் விழுகிறது.

என் பெரியப்பா 78 வயதில் காலமானார். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி லயன்கள் காலியானபோது கிள்ளானில் ஒரு தாமானுக்குக் குடிவந்து, தொழிற்சாலையில் காவலாளியாக இருந்தார். தோட்டத்தில் இருந்த காலத்தில், சம்பள நாள் ராத்திரிகளில் பெரியம்மாவும் அக்காவும் பக்கத்து வீட்டு அடுப்படியில் படுத்திருக்கிறார்கள். ஏன் என்று தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கள்ளுக்கடை மூடிய பிறகு சம்சு. சம்சுவுக்குப் பிறகு வீடு. மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி 1996இல்தான் அமலுக்கு வந்தது. அதற்குள் அக்காவின் பிள்ளைப் பருவம் முடிந்துவிட்டிருந்தது. அவர்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அந்த அடுப்படி.

பெரியப்பாவை எரித்துவிட்டு வந்த சாயங்காலம் கூடாரத்தில் அவருடைய உழைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் காவடி எடுத்தது. கையில் இருக்கிறதோ இல்லையோ, கேட்டவனுக்குக் கடன் வாங்கியாவது கொடுத்தது. ஒருவர் சொக்சோ பணத்துக்கு அலைந்தபோது ஒரு நாள் வேலையை விட்டுக் கூடவே போய் வந்தது. அத்தனையும் உண்மை. அக்கா தட்டோடு வந்தார். உறவில் மூத்த மாமா ஒருவர் அவரை நிறுத்தி, 'உங்கப்பா மாதிரி ஒரு மனுஷன் இனிமே கெடைக்க மாட்டாரும்மா. இல்லியா? நீயே சொல்லு' என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காலையிலிருந்து கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நடமாடுகிற பெண்ணை அழவைத்து ஆறுதல்படுத்திவிடலாம் என்ற எண்ணம்தான். வட்டத்திலிருந்த அத்தனை முகங்களும் அக்கா பக்கம் திரும்பின.

அக்கா, 'சாம்பார் பத்துதா மாமா?' என்றார்.

'பாவம், இன்னும் அதிர்ச்சியில இருக்கு' என்று யாரோ முணுமுணுத்தார்கள். இன்னொருவர், ஏதோ கொஞ்சம் தெரிந்தவர், குரலைத் தாழ்த்தினார். 'தண்ணி போட்டாத்தான் அவரு ஒரு மாதிரி. மத்தபடி தங்கம்.'

இந்த 'மத்தபடி' என்ற சொல்லைப் பற்றி ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். நம் பேச்சுத் தமிழில் இதைவிடப் பெரிய துடைப்பம் கிடையாது. கோபம் வந்தா கையோங்குவாரு, மத்தபடி நல்லவரு. வீட்டுக்குப் பணம் தர மாட்டாரு, மத்தபடி ஒரு வம்புதும்புக்குப் போக மாட்டாரு. கணக்காகப் பார்த்தால் நியாயம்தான், மாதத்தில் ஒரு நாள் அப்படி, மீதி 29 நாள் இப்படி. ஆனால் அந்த 29 நாளும் அந்த ஒரு நாளை எண்ணிக்கொண்டே படுத்து எழுந்த பிள்ளைக்கு 'மத்தபடி' என்று தனியாக ஒரு பகுதி இருந்ததில்லை. அப்பா சிரித்துப் பேசுகிற நாளிலும் அது தேதியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

செத்தவர்களைப் பற்றித் தீயது பேசாதே என்ற விதி நமக்கு மட்டும் சொந்தமில்லை. கிரேக்கத்தில் ஸ்பார்ட்டாவின் கீலோன் என்ற அறிஞர் சொன்னதாக வழங்கிவருகிறது. அதே நாட்டில், ஏதென்ஸ் நகருக்குக் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டம் எழுதிய சோலோன் இதைச் சட்டமாகவே ஆக்கினார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். எனக்குச் சுவாரசியமாகப் பட்டது அதற்குப் பக்கத்திலேயே அவர் குறிப்பிடுகிற இன்னொரு சட்டம். சாவு வீட்டில் பெண்கள் முகத்தைக் கீறிக்கொள்வதையும், கட்டிவைத்த ஒப்பாரிகளைப் பாடுவதையும் சோலோன் தடுத்தாராம். இரண்டும் ஒரே கையெழுத்தில் வந்தவை. செலவையும் ஆர்ப்பாட்டத்தையும் குறைக்கத்தான் இரண்டாவது சட்டம் என்று சொல்லலாம். எனக்கு அது மட்டும் காரணமாகத் தெரியவில்லை. ஒப்பாரி வைக்கிறவள் என்ன பாடுவாள் என்று ஆண்களுக்குத் தெரியாது.

நம் ஒப்பாரியும் வெறும் புகழ்ச்சி கிடையாது. செத்தவரை ராஜா என்றும் தேர் என்றும் பாடிக்கொண்டே வருகிறவள் நடுவில் சட்டென்று திரும்பி, பிறந்த வீட்டில் தன்னைக் கவனிக்காத அண்ணனை இழுப்பாள், அண்ணியை இழுப்பாள், நாத்தனாரை இழுப்பாள், பாகம் பிரித்ததில் நடந்த அநியாயத்தை ராகம் போட்டுச் சொல்லுவாள். செத்தவரிடமே 'இப்படி விட்டுட்டுப் போனியே' என்று சண்டை போடுவாள். யாரும் அவளைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அவள் அழுதுகொண்டிருக்கிறாள். அழுகையின் மறைவில் உண்மை பேச நம் பாட்டிகளுக்கு ஓர் அரை மணி நேரம் இருந்தது. இப்போது எங்கள் பக்கத்துத் தாமான்களில் ஒப்பாரி பாடத் தெரிந்த கிழவிகள் இல்லை. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடுகிறது, அம்மா செத்தால் அம்மா பாட்டு, அப்பா செத்தால் அப்பா பாட்டு. சினிமாவின் அப்பா பாட்டில் எந்த அப்பா சம்பள நாளில் சம்சு குடித்தார்?

பதில் பேசுகிற பெண் நம் இலக்கியத்தில் இல்லாமல் இல்லை. புறநானூற்றின் 246ஆம் பாட்டில் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு, கணவனின் ஈமத்தின் முன் கூடியிருக்கும் சான்றோர்களை நேருக்கு நேர் ஏசுகிறாள். தீயில் விழப்போகிறவளை அவர்கள் தடுத்ததற்காக. இந்த விஷயத்தில் நான் சான்றோர்கள் கட்சி, ஒரு பெண் உயிரோடு எரிவதைத் தடுக்கிற கூட்டம் நல்ல கூட்டம். ஆனாலும் அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். துக்கத்தில் இருப்பவளுக்கு அவள் என்ன உணர வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு கூட்டம் அன்றைக்கே தயாராக நின்றிருக்கிறது.

அந்த விதிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் நியாயம், செத்தவர் வந்து பதில் சொல்ல முடியாது என்பது. பதில் சொல்ல முடியாதவரைக் குற்றம் சாட்டுவது கோழைத்தனம். நல்ல நியாயம்தான். இதே நியாயத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கூடாரத்துக்குள் போய்ப் பாருங்கள். பெரியப்பாவுக்காகப் பதில் சொல்ல நாற்பது பேர் இருந்தார்கள். அவருடைய உழைப்பு, காவடி, கொடை எல்லாவற்றுக்கும் சாட்சி இருந்தது. பதில் சொல்ல முடியாமல் அங்கே நின்றது ஒரே ஓர் ஆள், அவர் கையில் தட்டு இருந்தது. அவர் 'ஆமாம்' என்றால் தன் பன்னிரண்டு வயதைத் தானே பொய்யாக்க வேண்டும். 'இல்லை' என்றால் அப்பனை எரித்த சூடு ஆறுவதற்குள் பேசிய மகள் என்ற பெயர் அவர் சாகும்வரை கூட வரும்.

சரி, அப்படியென்றால் சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு செத்தவரின் பட்டியலை வாசிக்கச் சொல்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. அந்தக் கூட்டம் நீதிமன்றம் ஆவதற்கு லாயக்கில்லாதது. அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். விதவையான பெண்ணை உட்காரவைத்துப் பூவையும் பொட்டையும் வைத்து எடுக்கிற கூட்டமும் இதேதான். 'ஆஸ்பத்திரிக்கு ஏன் முன்னாடியே கூட்டிட்டுப் போகல?' என்று மருமகளை மூலையில் வைத்து விசாரிக்கிற கூட்டமும் இதேதான். தற்கொலை நடந்த வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

தவிர, உண்மை ஒரே ஆளிடம் இருப்பதில்லை. பெரியம்மா அன்றைக்குத் திரும்பத் திரும்ப, 'எம்மா நல்லவரு, எம்மா நல்லவரு' என்றுதான் அழுதார். அடி வாங்கியவர் அவர். அவர் சொன்னது பொய்யா? கடைசிப் பத்து வருஷம் சர்க்கரை வியாதி வந்து, குடியை விட்டு, காலையில் எழுந்து பெரியம்மாவுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்த மனுஷரை அவர் அழுதிருக்கலாம். ஐம்பது வருஷத்தை அப்படி அழுதால்தான் தாங்க முடியும் என்றும் இருக்கலாம். அதை எடுத்துத் திருத்த யாருக்கும் உரிமையில்லை, அக்காவுக்கும்கூட. அக்காவுக்குப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவர் அண்ணன். அவருக்கு நினைவு தெரியும்போது தோட்டம் இல்லை, கள்ளுக்கடை இல்லை. பெரியப்பா மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்ட பிள்ளை அவர். தேம்பித் தேம்பி அழுதார். அது நடிப்பில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு அப்பா இருந்திருக்கிறார்கள்.

ஆகவே நான் தேடுவது 'எதைச் சொல்லலாம்' என்ற விதியை அல்ல. யாரிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதைத்தான். நீங்கள் புகழுங்கள். உங்களுக்கு அவர் நல்லவராக இருந்திருக்கிறார், அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, சொல்லவும் வேண்டும். அதற்குக் கையெழுத்துப் போடச் சொல்லி அவர் வீட்டுப் பெண்ணிடம் நீட்டாதீர்கள். 'செத்துப்போயிட்டாரு, இன்னும் என்னா மனசுல வச்சிக்கிட்டு, மன்னிச்சிடும்மா' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி, தன் பாட்டில் இன்னொருவரின் கடனைத் தள்ளுபடி செய்கிற மாதிரி. கடன் கொடுத்தவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்.

பாத்திரம் கழுவிய அன்றைக்கு ராத்திரி அக்கா என்னிடம் பேசினார். அவர் கழுவிக் கொடுக்க நான் துடைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவராகவே ஆரம்பித்தார்.

'நான் என்னா அவர திட்டவா சொன்னேன்? அந்த மாமா அதே லயத்துல நாலு வீடு தள்ளி இருந்தவரு. அவருக்குத் தெரியும். அங்க உக்காந்திருந்தவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். ஒருத்தராச்சும், ஒருத்தராச்சும், நீங்க ரெண்டு பேரும் ரொம்பப் பட்டுட்டீங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?'

கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் ஓடியது. பிறகு, 'சில நேரம் நானே கற்பனை பண்ணிக்கிட்டேனான்னு இருக்கு' என்றார்.

இந்தக் கடைசி வரிதான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது. அதுவரைக்கும் இதை மரியாதைக்கும் உண்மைக்கும் நடக்கும் இழுபறியாகத்தான் நினைத்திருந்தேன். அக்கா கேட்டது உண்மையை அறிவிக்கும்படி அல்ல. அவர் கேட்டது சாட்சி. ஓர் ஆளின் வாழ்க்கையைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கூடாரத்தின் கீழ் வந்து உட்கார்வது இரண்டு மூன்று முறைதான் நடக்கும், அதில் கடைசி முறை அவருடைய சாவு. தோட்டத்து ஆட்கள் இன்றைக்குச் சுங்கைப்பட்டாணியில் ஒருவர், ஜொகூரில் ஒருவர், பிள்ளையோடு சிங்கப்பூரில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். லயன் இல்லை, அந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. கருமாதி முடிந்து கூடாரத்தைப் பிரித்தால் அந்த அடுப்படியைப் பார்த்தவர்கள் இனி ஓரிடத்தில் கூடப்போவதில்லை. அப்படிப்பட்ட நாளில் சாட்சிகள் எல்லாரும் ஒரே குரலில் ஒரே வரியைச் சொல்லிவிட்டுப் போனால், அந்த வரிக்கு வெளியே வாழ்ந்தவருக்குத் தன் ஞாபகத்தின் மேலேயே சந்தேகம் வருவதில் ஆச்சரியம் என்ன.

கூட்டமே இல்லாவிட்டால் நல்லதா? அதையும் நாம் பார்த்துவிட்டோம். சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊர் அடைத்திருந்தபோது சாவு வீட்டில் ஒரு நேரத்தில் 10 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த மாதங்களில் அப்பாவை இழந்த தோழி ஒருத்தி, வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகளை ஒரு மீட்டர் தள்ளித் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்ததைச் சொல்லியிருக்கிறாள். மண்டாயிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்ததாம். 'யாரும் எதுவும் கேக்கல, நானும் யாருக்கும் எதுவும் சொல்ல வேணாம்.' இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவரைப் பார்த்திருக்கிறாள். இளவயதில் அப்பா கப்பல் பட்டறையில் ஒரு விபத்திலிருந்து அவரைக் காப்பாற்றிய கதையை அவர் சொன்னாராம். அது வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாண மண்டபத்துக் கழிவறையில் போய் அழுதேன் என்றாள். அவளுடைய அப்பா அவளிடம் அன்பாகப் பேசிய மனுஷர் இல்லை. அவளுக்கு மிஞ்சியிருந்ததெல்லாம் அந்த முகம்தான். கூட்டம் கூடியிருந்தால் அந்தக் கதை அன்றைக்கே அவளிடம் வந்து சேர்ந்திருக்கும். சாட்சி கெட்டதுக்கு மட்டும் இல்லை.

பெரியப்பாவின் கருமாதியை 16ஆம் நாளுக்குப் பதில் அதை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமையில் வைத்தார்கள். எல்லாருக்கும் மறுநாள் வேலை. படையல் போட்டபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். தலைவாழை இலையில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும் இல்லையா. கோழிக்கறி, கருவாடு, அவித்த முட்டை, வெற்றிலை. அண்ணன் ஒரு டன்ஹில் பெட்டியைப் பிரித்து வைத்தார். அப்போது பெரியம்மா உள்ளே போய், எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, ஒரு கறுப்பு ஸ்டவுட் போத்தலைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பத்து வருஷமாக அந்த வீட்டு வாசலைத் தாண்டாத சாமான். 'வை, ஆசப்பட்டதுதானே' என்றார். யாரும் எதுவும் பேசவில்லை. அந்த இலை மட்டும் பெரியப்பாவை முழுசாகச் சொன்னது என்று எனக்குத் தோன்றியது. கறியும் இருந்தது, போத்தலும் இருந்தது, நடுவில் மத்தபடி இல்லை.

அன்றைக்குப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்தார். தோட்டத்துக்காரர். முதல் நாளே வர முடியவில்லை, கூட்டிவர ஆளில்லை. பேரன் பெராடுவாவை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். அவர் பாட்டுக்கு ஊன்றுகோலோடு உள்ளே வந்து, படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பெரியம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சம் அழுதுவிட்டு, அக்காவைத் தேடினார். பார்வை சரியில்லை. அக்கா பக்கத்தில் போனதும் முகத்தைத் தடவிப் பார்த்தார். எல்லாரும் இருக்கிற இடத்தில், குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

'எங்க வீட்டு அடுப்படியில படுத்து எந்திரிச்ச புள்ளயாச்சே நீ.'

அவ்வளவுதான். பெரியப்பாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார், அவருக்கு அதில் கோபப்பட எதுவும் இருக்கவில்லை. பந்தியில் சிலர் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். நாலு வீடு தள்ளி இருந்த அந்த மாமா எழுந்து கை கழுவப் போனார். 16 நாளில் முதல்முறையாக அக்கா அழுதார். அப்பாவுக்காகவா, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்காகவா என்று நான் கேட்கவில்லை. பாட்டி அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, சோறு போடச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். தயிர் வேண்டாம், ரசம் மட்டும்.

இந்த ஒரு வரியைச் சொல்வதற்கு அந்தப் பாட்டிக்கு எந்தத் தத்துவமும் தேவைப்படவில்லை. அதைச் சொல்ல மற்றவர்களை எது தடுத்தது என்று யோசித்தால், இறந்தவர் மீதான மரியாதை என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 'எனக்குத் தெரியும்' என்று சொன்னால், 'தெரிந்தும் நீ என்ன செய்தாய்?' என்ற கேள்வி கூடவே வரும். அன்றைக்குக் கதவைத் தட்டாதவர்களுக்கு இன்றைக்கு 'நல்ல மனுஷன்' என்பது வசதியான வாக்கியம், செத்தவரோடு சேர்த்து அவர்களையும் அது விடுவித்துவிடுகிறது. பாட்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர் கதவைத் திறந்தவர்.

போன மாதம் முதலாம் ஆண்டு திதி வந்தது. பத்திரிகையில் நினைவஞ்சலி போட அண்ணன் வாட்ஸ்ஆப் குழுவில் வாசகத்தை அனுப்பியிருந்தார். படம், பிறப்பு, இறப்பு, 'பாசமிகு தந்தை' என்று ஆரம்பிக்கும் நாலு வரி, கீழே பிரிவால் வாடும் மனைவி, மகள், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். எல்லாரும் கும்பிடுகிற கையைப் போட்டார்கள். அக்கா மட்டும் அன்றைக்குப் பதில் போடவில்லை. மறுநாள் காலையில் அண்ணனுக்குப் போன் பண்ணி, 'எம் பேரு இருக்கட்டும். பாசமிகுவ எடுத்துடுடா' என்றிருக்கிறார்.

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு, 'எடுத்துட்டு என்னா போடறது?' என்று கேட்டாராம்.

'ஒன்னும் வேணாம். தந்தைன்னு போடு.'

அப்படியே வந்தது.